கட்டாய வினாவைத் தொடாதே

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடைக்கு மாடியில் நடந்த அந்த ட்யூஷன் சென்டரில் கணக்குக்கு ஒரே ஆள் அமலாதான். காலையில் பெண்பிள்ளைகள் பேட்ச், சாயங்காலம் ஆண்பிள்ளைகள் பேட்ச். ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டால் சென்டர் நடத்துகிற தமிழ்மணி சார், "பெத்தவங்க கேக்கறாங்க மிஸ், நமக்கெதுக்கு பேஜாரு?" என்று முடித்துவிடுவார். அதே போர்டு, அதே சாக்பீஸ், அதே பத்தாம் வகுப்புப் புத்தகம். சொல்லிக்கொடுக்கிற வாயும் ஒன்றுதான். பேச்சு மட்டும் இரண்டு.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் கட்டாய வினா என்று வரும். புத்தகத்தில் அது இருக்காது, யோசித்துத்தான் போட வேண்டும். பேர்தான் கட்டாயமே தவிர, விட்டுவிட்டால் யாரும் வந்து கழுத்தைப் பிடிக்கப்போவதில்லை. அந்த மார்க் போகும், அவ்வளவுதான். சாயங்காலம் பையன்களிடம் அமலா சொல்வாள்: "போட்டுப் பாருங்கடா. தப்பானா இன்னா, தலையா பூடும்? ஒரு ஸ்டெப்பு சரியா இருந்தாலும் மார்க்கு உண்டு." காலையில் பெண்பிள்ளைகளிடம் அதே அமலா சொல்வாள்: "அதைத் தொடாதீங்கடி. அந்த நேரத்துல கிராஃபும் ஜியாமெட்ரியும் நீட்டா போடுங்க. தெரியாததைத் தொட்டு, தெரிஞ்சதையும் கெடுத்துக்காதீங்க. ஸ்டெப்பு இல்லாம ஆன்சர் எழுதினா காப்பின்னு சொல்லிடுவாங்க, ஞாபகம் இருக்கட்டும்."

வஞ்சகமாகச் சொன்னாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாசத்தில் சொன்னாள், அதுதான் கொடுமை. முகையூரில் அவள் வீட்டிலேயே பார்த்தது அது. அண்ணன் இன்ஜினியரிங்கில் அரியர் மேல் அரியராக வைத்தான். "ஆம்பளப் புள்ள, இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி எழுதிடுவான்" என்றார் அப்பா. அமலா காலேஜில் சேர்ந்த அன்றைக்கு அதே அப்பா, "ஒரு பேப்பரு போச்சின்னாலும் வூட்டோட இருந்துக்க" என்றார். பையன் தப்புப் பண்ணினால் அனுபவம், பெண் தப்புப் பண்ணினால் கல்யாணம். அந்தப் பயத்தோடு எம்.எஸ்சி. வரைக்கும் ஒரு கணக்கைக்கூடத் தப்பாகப் போடாமல் வந்து சேர்ந்தவள் அவள். தான் தப்பித்த வழியைத்தான் பிள்ளைகளுக்கும் காட்டினாள்.

அந்தக் காலை பேட்சில் படித்துவிட்டுப் போனவள் கலையரசி. ஓமந்தூர் பக்கத்துப் பெண். அப்பா பேர் விருத்தாசலம், ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறார். பொதுத்தேர்வில் கணக்கில் தொண்ணூற்றைந்து. ட்யூஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து மேம்பாலத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "நடுவுல தூணே இல்லாத எடத்துல அது எப்பிடி மிஸ் நிக்குது?" என்று ஒருநாள் கேட்டாள். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, கணக்கைப் பாரு" என்று அமலா அதட்டினாள். ஆனாலும் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். வருஷத்துக்கு ஒருத்தி இப்படிக் கேட்டால் போதாதா?

சிக்கல் பதினோராம் வகுப்பில் வந்தது. கலையரசியின் ஊர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு குரூப் கிடையாது, திண்டிவனத்தில் காசு கட்டிப் படிக்க வழியில்லை. விழுப்புரம் பைபாஸ் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில், ஒரு பரீட்சை வைத்து, தேறுகிற பிள்ளைகளுக்குக் கணக்கு குரூப்பில் இலவச சீட்டு, ஹாஸ்டலோடு தருகிறார்கள். விருத்தாசலம் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "ஓசி சீட்டு கெடச்சா கணக்கு குரூப்பு. கெடைக்கலன்னா நம்மூருல நர்சிங் குரூப்பு. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசக்கூடாது." பெண்ணுக்கு வழி அந்த ஒன்றுதான்.

பரீட்சைக்கு அவளும் போனாள், சாயங்கால பேட்ச் இனியவனும் போனான். இனியவன் நல்ல பையன், பொதுத்தேர்வில் எழுபத்தெட்டு வாங்கியவன். பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. இனியவன் பெயர் இருந்தது. கலையரசி பெயர் இல்லை. அமலா மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். "எங்கியோ தப்பு நடந்திருக்கு. கெளம்புடி, நேர்ல போய்க் கேப்போம்" என்று மறுநாளே கலையரசியைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள்.

பள்ளியின் தாளாளர் குமரேசன் முரட்டு ஆள் இல்லை. உட்காரச் சொன்னார், டீ சொன்னார், விடைத்தாளை எடுத்து வரச் சொன்னார். அது மேஜைக்கு வந்ததும் அவரே ஒரு தரம் ரசித்துப் பார்த்தார்.

"முதல் பகுதி புத்தகக் கணக்கு. அதுல மொத்தப் பேருல இந்தப் பொண்ணுதான் ஃபர்ஸ்ட். மார்ஜின் என்ன, அண்டர்லைன் என்ன, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. இப்ப ரெண்டாம் பகுதியைப் பாருங்க, சீட்டு இதை வச்சுத்தான்." பக்கத்தைத் திருப்பினார். "புத்தகத்துல இல்லாத அஞ்சு கணக்கு. ஒண்ணைத் தொடலை. ஒரு புள்ளி வைக்கலை. அரை மணி நேரம் சும்மா உக்காந்திருக்கா."

"சும்மா இல்ல சார்," என்று கலையரசி மெதுவாகச் சொன்னாள். "மொத பகுதிய சரிபாத்துக்கினு இருந்தேன்."

"அதைத்தாம்மா சொல்றேன்." குமரேசன் அமலாவின் பக்கம் திரும்பினார். "வருஷா வருஷம் இதே கதைதான் மேடம். பொண்ணுங்க உழைப்பாளிங்க, நான் இல்லைங்கலை. மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்து கொட்டிடுவாங்க. யோசிக்கிற இடம் வந்தா நின்னுடுவாங்க. ஒரு வடிவத்தை மனசுல திருப்பிப் பாக்கற மூளை அவங்களுக்குக் கொஞ்சம் கம்மி. நான் குறையா சொல்லலை, சயின்ஸ் சொல்லுது."

எந்த சயின்ஸ், எந்த ஊர் சயின்ஸ் என்று கேட்க அந்த அறையில் ஆள் இல்லை. அவர் இன்னொரு விடைத்தாளை எடுத்துப் போட்டார். இனியவனுடையது. முதல் பகுதியில் பாதி பிழை, அடித்தல் திருத்தல், கோழி கிளறின மாதிரி. ஆனால் இரண்டாம் பகுதியில் ஐந்தையும் தொட்டிருந்தான். நாலு தப்பு. ஒன்று பாதி சரி. "தப்புதான். ஆனா யோசிச்சிருக்கான் பாருங்க. இவனை வச்சு நான் வேலை வாங்கிடுவேன்" என்றார் குமரேசன்.

அமலாவுக்குக் காது இரண்டும் சூடேறியது. அந்த ஐந்து வெற்றுப் பக்கங்களில் அவள் பார்த்தது கலையரசியின் மூளையை அல்ல, தன் குரலைத்தான். தொடாதீங்கடி, தொடாதீங்கடி என்று ஒரு வருஷமாகக் காலை வேளையில் தான் சொன்னது அப்படியே அச்சு மாறாமல் வெள்ளையாகக் கிடந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

"சார், அதை விட்டுடச் சொன்னது நான்தான்," என்றாள். "புக்ல இல்லாததைத் தொடாதேன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். அவ சொன்னதைச் செஞ்சிருக்கா."

"பையன்களுக்கும் அப்படித்தான் சொன்னீங்களா?"

அமலா குனிந்து விடைத்தாளைப் பார்த்தாள்.

குமரேசன் சிரித்தார். கெட்ட சிரிப்பும் இல்லை. "பாத்தீங்களா? நீங்களே கணக்கு டீச்சர். உங்களுக்கே அது தெரிஞ்சிருக்கு."

இவ்வளவு சுத்தமாக யாரும் அவளைக் குத்தியதில்லை. ஆனால் மனுஷர் உடனே இறங்கியும் வந்தார். "இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. ரெண்டாம் பகுதியில மூணாவது கணக்கு. இதை இங்கயே போடட்டும். போட்டா நான் ஒரு சீட்டு சேர்த்துத் தர்றேன். என் வாக்கு." வெள்ளைத்தாளும் பென்சிலும் கலையரசி முன்னால் வந்தன.

கணக்கு இதுதான். ஒரு சதுரம், பரப்பு அறுபத்து நாலு. அதற்குள்ளே நாலு பக்கத்தையும் தொடுகிற மாதிரி ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள்ளே, நாலு மூலையும் வட்டத்தில் படுகிற மாதிரி இன்னொரு சதுரம். உள்ளே இருக்கிற சதுரத்தின் பரப்பு என்ன?

கலையரசி முதலில் மார்ஜின் போட்டாள். மேஜை மேலிருந்த ஸ்கேலைக் கேட்டு வாங்கி, பெரிய சதுரத்தை வரைந்தாள். கம்பாஸ் இல்லாததால் கையிலிருந்த பிளாஸ்டிக் வளையலைக் கழற்றி வைத்து வட்டம் போட்டாள். வட்டம் சதுரத்தின் நாலு பக்கத்தையும் கச்சிதமாகத் தொட்டது, ஏனென்றால் வளையலை அளந்துவிட்டுத்தான் சதுரமே வரைந்திருந்தாள். குமரேசனே, "படம் பிரமாதம்மா" என்றார். உள்ளே சின்னச் சதுரத்தையும் போட்டாள். அதற்குக் கீழே 'தீர்வு' என்று எழுதி அடிக்கோடு இட்டாள்.

அப்புறம் பென்சில் நின்றது.

எழுதுடி, எழுதித் தொலையேன்டி, தப்பாக எழுது, கிறுக்கு, என்று அமலாவின் மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். கலையரசி படத்தைப் பார்த்தாள், அமலாவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பென்சில் முனை தாளுக்குப் பக்கத்தில் வந்து வந்து திரும்பியது. டீ வந்து ஆடை கட்டியது. குமரேசன் இரண்டு போன் பேசி முடித்தார். கடைசியில் கலையரசி எழுந்து நின்றாள்.

"தெரியல சார்."

"பரவால்லம்மா. எல்லாருக்கும் எல்லாமும் வரணும்னு இல்ல," என்றார் அவர். தாளை மடித்து அவளிடமே கொடுத்தார். சமாதானம்தான் சொன்னார், பாவம்.

திரும்பி வருகிற பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியது. அமலாவுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. "ஒரு வரி, ஒரே ஒரு வரி கிறுக்கியிருக்கக் கூடாதாடி? ஊமையாட்டம் ஏன் நின்னே?"

"முப்பத்திரெண்டு மிஸ்," என்றாள் கலையரசி.

"இன்னாது?"

"அந்த உள் சதுரம். முப்பத்திரெண்டு." கையிலிருந்த கைக்குட்டையைத் தொடைமேல் விரித்தாள். "உள்ள இருக்கிறத நேரா வச்சுப் பாக்காம கொஞ்சம் திருப்பி வச்சுக்கினா, அதோட நாலு மூலையும் பெரிய சதுரத்தோட பக்கத்துக்கு நட்ட நடுவுல வந்து நிக்கும். இப்ப பெருசோட நாலு மூலையையும் நடுவுக்கு மடிக்கிறேன் பாருங்க." மடித்தாள். கைக்குட்டை சின்னச் சதுரமாகிவிட்டது, எங்கும் இடைவெளி இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். "மடிச்சதெல்லாம் சேந்து உள் சதுரத்த சரியா மூடிடுச்சா? அப்ப வெளிய இருந்ததும் உள்ள இருக்கிறதும் ஒரே அளவு. அறுபத்து நாலுல பாதி. அவ்ளோதான் மிஸ்."

அமலா அந்தக் கைக்குட்டையையே பார்த்தாள். எம்.எஸ்சி. படித்தவள், விட்டம் மூலைவிட்டம் என்று ஃபார்முலா வைத்து நாலு வரியில் போட்டிருப்பாள். இப்படித் திருப்பி, இப்படி மடிக்க அவளுக்கே தோன்றியிருக்காது. வடிவத்தைத் திருப்பிப் பார்க்கிற மூளை இல்லையாமே! ஐயோ, ஐயோ என்று அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"எப்படி வந்தது இது? இப்ப யோசிச்சியா?"

"அங்கியே மிஸ். வளையலு வைக்கறப்பவே தெரிஞ்சிடுச்சி."

"அப்ப ஏன்டி எழுதல?"

கலையரசி கைக்குட்டையை நீவி விட்டுக்கொண்டே சொன்னாள். "ஸ்டெப்பு இல்லியே மிஸ். மடிச்சிப் பாத்தேன்னு எப்பிடி எழுதறது? ஸ்டெப்பு இல்லாம எழுதினா காப்பின்னு சொல்லுவாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. அதுவும் இல்லாம தப்பாயிட்டா, உங்களுக்கு அசிங்கம். என்னிய நம்பிக் கூட்டிக்கினு வந்தீங்க."

 அமலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன, ஆத்திரம் முழுக்கத் தன்மேல். ஓடுகிற பஸ்ஸிலிருந்தே குமரேசனுக்குப் போன் போட்டாள். காற்றிரைச்சலில் கத்திக் கத்திச் சொன்னாள்: மடித்தாள், பாதி என்றாள், முப்பத்திரண்டு, ஃபார்முலாவே இல்லை சார், அவளே யோசித்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், உங்க நல்ல மனசு புரியுது. என் முன்னாடி அவ்ளோ நேரம் இருந்தப்ப வராதது பஸ்ல உங்க பக்கத்துல உக்காந்ததும் வந்துடுச்சா? நீங்க சொல்லிக் குடுத்திருப்பீங்க. என் இடத்துல நீங்க இருந்தா என்ன நினைப்பீங்க?"

அவர் வைத்துவிட்டார். அவர் கேட்டதற்கு அமலாவிடம் பதில் இருந்தது, அதனால்தான் அவளுக்கு இன்னும் வலித்தது. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் நினைத்திருப்பாள். காலை பேட்சில் ஒருத்தி ஸ்டெப் இல்லாமல் சரியான விடை எழுதியபோது, "யாரைப் பாத்து எழுதின?" என்று அவளே கேட்டிருக்கிறாள். பையன் அப்படி எழுதினால் "மூளைக்காரன்டா" என்று முதுகில் தட்டியிருக்கிறாள்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விருத்தாசலம் காத்துக்கொண்டிருந்தார். மில்லிலிருந்து நேரே வந்ததில் தலையெல்லாம் தவிடு. மகள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"வரலியா? போவட்டும் வுடுங்க மிஸ்ஸு. பொம்பளப் புள்ளைக்கு அம்மாங் கணக்கு ஏறாதுன்னு எனக்கும் தெரியும். இது ஆசப்பட்டுதேன்னு வுட்டேன். நீங்கதான் பாவம், வேலய வுட்டுட்டு அலஞ்சீங்க."

"ஏறும்ங்க. அவளுக்கு நல்லா ஏறும்," என்றாள் அமலா. "தப்பு என்னுதுங்க. நான்தான் அவளத் தப்பா பழக்கிட்டேன். நர்சிங்ல சேக்காதீங்க, இன்னும் ரெண்டு எடம் பாக்கலாம், செஞ்சில கேக்கலாம்..."

"செஞ்சியா? பொட்டப் புள்ளைய அம்மாந்தூரம் தெனம் பஸ்ல யாருங்க அனுப்பறது?" அவர் கோபப்படவில்லை, சிரித்த மாதிரியே சொன்னார். "ஒரே வாட்டின்னு பேசிக்கினோம். அது ஆச்சி. கௌம்பு பாப்பா."

கலையரசி அப்பா பின்னால் நடந்தாள். நாலடி போய்த் திரும்பி, "எனக்குக் கணக்கு வராது போல மிஸ்" என்றாள், ஏதோ அமலாவுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. இதைவிட அமலாவின் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

சாயங்காலம் சென்டருக்கு இனியவன் வந்தான். கையில் ஜாங்கிரி டப்பா, முகமெல்லாம் பல். தமிழ்மணி சாருக்குக் கொடுத்துவிட்டு அமலாவிடம் நீட்டினான்.

"மொத ஆளா உங்களுக்குத்தான் மிஸ் குடுக்கணும். ரெண்டாம் பகுதியப் பாத்ததும் ஒண்ணுமே புரியல. அப்ப நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சி. தப்பானா இன்னா, தலையா பூடும்னு. எல்லாத்தையும் போட்டு வச்சேன். அதாலதான் மிஸ் சீட்டு."

அமலா ஒரு ஜாங்கிரியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "நல்லா படிடா" என்றாள். பையன்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. அவன் என்ன செய்தான்? அவளும் கலையரசியும் செய்யாததைச் செய்தான், அவ்வளவுதானே. அவன் இறங்கிப் போன பிறகும் ஜாங்கிரி கையிலேயே இருந்தது, பாகு விரலிடுக்கில் வழிந்தது.

மறுநாள் காலை பேட்ச். இந்த வருஷம் பத்தாம் வகுப்புக்குப் போகிற புதுப் பெண்பிள்ளைகள். அமலா போர்டில் பெரிய சதுரம், வட்டம், உள்ளே சதுரம் வரைந்தாள். பின்னால் சர்சர்ரென்று சத்தம் கேட்டுத் திரும்பினாள். அத்தனை பேரும் மார்ஜின் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்கேலைப் பைக்குள்ள போடுங்க எல்லாரும்," என்றாள். "இது புக்ல இல்லாத கணக்கு. இனிமே தெனமும் ஒண்ணு போடறோம். ஸ்டெப்பு வேணாம், நீட்டும் வேணாம். தோணினதை எழுதுங்க, இல்ல கிழிங்க, மடிங்க. தப்பாப் போட்டா நான் திட்ட மாட்டேன். ஒண்ணுமே போடாதவங்களத்தான் திட்டுவேன்."

யாரும் பேனாவை எடுக்கவில்லை. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள், அவள் இவளைப் பார்த்தாள். முதல் வரிசையில் அஸ்வினி என்று ஒரு சின்னப் பெண், பாதி கை தூக்கினாள்.

"மிஸ், இதெல்லாம் பசங்க போடற கணக்குதான? எங்களுக்கு வருமா?"

"ஏன் வராது? போன பேட்ச்ல கலையரசின்னு ஒரு அக்கா இருந்தா. இதே கணக்கை ஒரு கைக்குட்டைய மடிச்சே போட்டுட்டா. எனக்கே அப்படி வராது."

பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அஸ்வினிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கையை முழுசாகத் தூக்கிக் கேட்டாள்:

"அப்ப அந்த அக்கா இப்ப கணக்கு குரூப்புதான மிஸ்?"

அமலா போர்டு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏற்கெனவே போட்டிருந்த வட்டத்தின்மேலேயே இன்னொரு முறை சாக்பீஸால் வட்டம் போட்டாள்.